18,000 வெள்ளியும் ஒரு பால்மரமும்

விடியற்காலை மணி 5.30. புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தில், பழைய லயத்து வீட்டின் முன்னால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கையில் நீளமான கம்பு, அதன் முனையில் ஒலிவாங்கி. வீட்டு வாசலில் நடிகை தயார். கேமரா தயார். "சத்தம் எப்படி?" என்று இயக்குநர் கேட்கிறார். "கொஞ்சம் பொறுங்க" என்கிறேன். தூரத்தில் செம்பனைக் குலை ஏற்ற ஒரு லோரி வந்துகொண்டிருக்கிறது. அது போனதும் ஒரு மோட்டார் சைக்கிள். அது போனதும் சேவல்.

வானொலி நிலையத்தில் கதவைச் சாத்தினால் அமைதி கிடைத்துவிடும். தோட்டத்தில் அதற்காகக் காத்திருக்க வேண்டும். பத்து வருடமாக மைக் முன்னால் பேசிப் பிழைக்கும் எனக்கு அன்றுதான் இது புரிந்தது.

இது இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஊடகத் துறையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் 18 நிமிடக் குறும்படம் எடுத்தார். பகலில் திருமண வீடியோ எடுப்பவர் அவர். இரவில் கதை எழுதுவார். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டி மகளைப் படிக்க வைத்த ஒரு தாயின் கதை அது. "குரல் உன்னுடையது, சத்தமும் நீயே பார்த்துக்கொள்" என்றார். சரி என்றேன். பிறகு மெதுவாக, "கொஞ்சம் காசும் குறையுது" என்றார்.

கணக்கு இதுதான்

குறைந்த செலவில் படம் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் செலவைச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 18,000 ரிங்கிட். கேமராவும் லென்சும் நான்கு நாள் வாடகைக்கு 4,800. விளக்குகளுக்கும் ஜெனரேட்டருக்கும் 2,600. சாப்பாடு 3,200. வேன், பெட்ரோல் 1,900. நடிகர்களுக்கு 2,500. படத்தொகுப்பு, நிறம், ஒலிக்கலவை எல்லாம் சேர்த்து 2,000. நண்பர்கள் செய்ததால்தான் அந்த விலை. சில்லறைச் செலவுகள் 1,000.

இதில் நண்பர் போட்டது 9,000. ஒளிப்பதிவாளர் 3,000. மீதி 6,000 என்னுடையது. நானும் கணவரும் வீட்டு முன்பணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்தேன். கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "திரும்பி வருமா?" வானொலியில் எதற்கும் உடனே பதில் சொல்லிப் பழகிய எனக்கு அன்று வாய் வரவில்லை.

சாப்பாட்டுக்கு 3,200 என்றதும் சிலர் சிரிப்பார்கள். பதினாறு பேர், நான்கு நாள். சம்பளம் கொடுக்க முடியாத இடத்தில் நேரத்துக்குச் சோறாவது போட வேண்டும். நாசி லெமாக் பொட்டலத்தோடு பசியாற வைத்து, மதியம் சூடாகச் சாப்பாடு கொடுத்தால்தான் இரவு 9 மணிக்கும் விளக்கைத் தூக்க ஆள் இருக்கும்.

அடுத்தது அனுமதி. நம் நாட்டில் படம் தயாரிக்க, 1981-இல் அமைக்கப்பட்ட தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் உரிமம் வேண்டும். நண்பரிடம் சொந்த நிறுவனம் இல்லை. உரிமம் உள்ள ஒரு சிறு நிறுவனத்தின் பெயரில்தான் போனோம். தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி ஏழு வாரம் காத்திருந்தோம். நிர்வாகியின் மேசையிலிருந்து தலைமையகம் போய், அங்கிருந்து திரும்பி வந்த பதிலில் நான்கு நாள்தான் கிடைத்தது. ஐந்தாவது நாள் கேட்டும் கிடைக்கவில்லை. மூன்றாவது நாள் மதியம் கொட்டிய மழையில் அரை நாள் போனது. எழுதி வைத்திருந்த இரண்டு காட்சிகளை அன்றே வெட்டினோம்.

நமக்கு முன்னால் நடந்தவர்கள்

கைக்காசு போட்டுத் தோட்டத்துக் கதையைப் படமாக்கியதில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' 2005-இல் வந்தது. 1960-களின் ரப்பர்த் தோட்டத்தில், மேலே படிக்க ஆசைப்படும் சாந்தா என்ற பெண்ணின் கதை. டிஜிட்டல் கேமராவில் சிக்கனமாக எடுத்த படம். வெளிநாட்டு விழாக்களுக்கும் போனது. அதைத் தயாரித்தவர் தான் சுய் முய் என்ற மலேசிய சீன இயக்குநர். ஒருவர் படத்தில் இன்னொருவர் வேலை செய்து கொடுப்பதுதான் அந்தக் காலத்து இளைஞர்களின் முதலீடு. அப்போது மலாய் மொழி வசனம் போதிய அளவு இல்லாத படங்கள், உள்நாட்டுப் படங்களுக்கான வரிச் சலுகையைப் பெறுவதே பெரும்பாடாக இருந்தது.

பத்து ஆண்டு கழித்து, 2015 டிசம்பரில் ஷாஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வெளிவந்தது. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லை நம்மவர்கள் உச்சரிக்கும் விதம்தான் தலைப்பு. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் புறம்போக்குக் குடியிருப்பில் வாழ்ந்த 1990-களின் கதை. அப்போய் என்ற 12 வயதுப் பையனை இன்றும் மறக்க முடியாது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. பிரிவுகள் மாற்றப்பட்டன. கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது 'ஜகாட்'தான்.

கல்லூரியில் எங்களுக்கு முதலில் போட்டுக்காட்டிய படம் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'. 1952-இல் படப்பிடிப்பைத் தொடங்கியவருக்குப் பணம் தீர்ந்து தீர்ந்து, படம் முடிய 1955 ஆகிவிட்டது. மனைவியின் நகைகள்கூட அடகுக்குப் போயின. நாணல் பூத்த வயலில் ஒரு நாள் படம் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூவையெல்லாம் மாடுகள் தின்றுவிட்டிருந்தன. அடுத்த பருவம் பூக்கும்வரை காத்திருந்தார். அதைக் கேட்டு வகுப்பில் சிரித்தோம். ஒரு பால்மரம் தேடி அலைந்தபோதுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது.

மரம் எங்கே?

கதையோ ரப்பர்த் தோட்டத்தில் நடக்கிறது. நாங்கள் நின்ற தோட்டத்திலோ கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை.

கோல சிலாங்கூருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் மலாவாத்திக் குன்றில் குரங்கு பார்ப்பார்கள், இரவில் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்ப்பார்கள். போகும் வழியெல்லாம் செம்பனையைப் பார்த்திருப்பார்கள். அந்த மரம் இந்த நாட்டில் வணிகப் பயிரானதே இந்தப் பக்கத்தில்தான். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இன்று பெஸ்தாரி ஜெயா என்றும் சொல்லப்படும் ஊருக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் அதை முதன்முதலாகப் பெரிய அளவில் நட்டார். தோட்டத்தின் பெயரைப் பாருங்கள், தமிழ் மணக்கிறது.

அதே ஃபோகோனியே இங்குள்ள தோட்ட வாழ்க்கையை 'மலேசி' என்ற நாவலாக எழுதினார். பிரான்சின் உயரிய கொன்கூர் இலக்கியப் பரிசு 1930-இல் அதற்குக் கிடைத்தது. நாவலில் நம் ஆட்களும் வருகிறார்கள். ஆனால் கதையைச் சொல்பவர் ஒரு பிரெஞ்சுத் துரை. அவர் நல்ல எழுத்தாளர், குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும், துரை வீட்டுத் திண்ணையிலிருந்து தெரியும் லயம் வேறு, லயத்துக்குள்ளிருந்து தெரியும் லயம் வேறு. 18,000 ரிங்கிட்டில் இதை எடுத்தே ஆக வேண்டுமா என்று யாராவது கேட்டால், என் நண்பர் இதைத்தான் பதிலாகச் சொல்வார்.

மரத்துக்கு வருகிறேன். மூன்று வார இறுதிகள் தேடி, ஈஜோக் பக்கம் ஒரு மலாய் பாக்சிக்கின் சிறிய ரப்பர்த் தோட்டத்தைக் கண்டுபிடித்தோம். வாடகை எவ்வளவு என்று கேட்டதற்குக் கையை ஆட்டி மறுத்துவிட்டார். "மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அதுதான் சிக்கலே. எங்கள் நடிகை நகரத்தில் வளர்ந்தவர். பால்வெட்டும் கத்தியைக் கையில் பிடித்ததும் இல்லை. லயத்தில் எங்களுக்குச் சமைத்துக்கொடுத்த எழுபது வயதைத் தாண்டிய பாட்டியம்மாவை உதவிக்கு அழைத்துப் போனோம். முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். ஒத்திகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, வலது பக்கத்துலேருந்தா கோடு இறங்கும்? இடது மேல, வலது கீழ. அப்பத்தான் பால் ஒழுங்கா ஓடும். இவ்ளோ ஆழமா போட்டா மரம் செத்துப்போவும்."

அவர் சொன்னது அப்படியே அறிவியல். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லை, சற்றே சாய்ந்திருக்கின்றன. இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் திறக்கும். கத்தி ஆழமாகப் போனால் பட்டைக்கு உள்ளே மரத்தை வளரவைக்கும் மெல்லிய படலம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. வெயில் ஏறினால் பால் வரத்து குறையும், அதனால்தான் இருட்டோடு எழுந்து போனார்கள். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து வயதில் அம்மாவுக்கு ஒத்தாசையாகப் போய்க் கற்றுக்கொண்டாராம்.

கடைசியில் இயக்குநர் முடிவை மாற்றினார். முகம் நடிகையுடையது, அருகில் காட்டும் கை மட்டும் பாட்டியம்மாவுடையது. கத்தியை வாங்கியதும் அவருடைய விரல்கள் தாமாகவே இடத்தைப் பிடித்தன. பட்டை சுருள் சுருளாக விழுந்தது. வெள்ளைக் கோடு மெல்ல இறங்கிக் கோப்பையில் சொட்டியது. என் ஹெட்போனில் அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டது. வேறு யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. ஒரே டேக்கில் ஓகே.

வராத கடிதங்கள்

படம் முடிந்தால் பாடு முடிந்தது என்று நினைத்தேன். உள்நாட்டுப் படங்களைத் திரையரங்குகள் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயத் திரையிடல் திட்டம் 2005-லிருந்து இருக்கிறது. ஆனால் அது முழுநீளப் படங்களுக்கு. 18 நிமிடப் படத்துக்கு விழாக்கள்தான் வழி. பதினொரு விழாக்களுக்கு அனுப்பினோம். ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு, அது அந்த 18,000-இல் சேராது. ஒன்பது இடங்களிலிருந்து பணிவான மறுப்பு. இரண்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை.

நண்பர் மூன்று மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவருடைய அம்மா எனக்குப் போன் செய்து, "நீயாவது சொல்லும்மா, ஒழுங்கா ஒரு வேலைக்குப் போகட்டும்" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. பின்னால் கூழாங்கல் பட இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் போல ஒருவர் 2021-இல் ரோட்டர்டாமில் புலி விருது வாங்கும்போது நாம் எல்லாரும் கை தட்டுகிறோம். அந்த மேடைக்கு வராமலே போகிறவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. அவர்கள் வீட்டு அம்மாக்கள்தான் எண்ணுகிறார்கள்.

இதற்கிடையே நாங்கள் படம் எடுத்த லயத்தை இடித்துவிட்டார்கள். குடியிருந்தவர்கள் பக்கத்துத் தாமானுக்கு மாறினார்கள். ஒலிப்பதிவாளர்கள் ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடச் சத்தத்தைப் பதிவு செய்வது வழக்கம், தொகுப்பில் இடைவெளிகளை நிரப்ப. அந்த லயத்தின் ஒரு நிமிடம் என் கணினியில் இருக்கிறது. அதில் தூரத்துச் சேவலும் உண்டு.

திடலில் ஒரு படம்

மறுபடி படத்தைக் கையில் எடுக்கச் சொன்னது பாட்டியம்மாதான். "எங்களுக்கு எப்ப காட்டப்போற?" என்று போனில் கேட்டார். உலகத்துக்கெல்லாம் அனுப்பினோம், படம் பிடித்த இடத்துக்கு அனுப்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

போன வருடம் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டினோம். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் படம் போட்டபோது பாயும் தலையணையுமாகப் போய் உட்கார்ந்ததை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றும் பாய் வந்தது, கூடவே பிளாஸ்டிக் நாற்காலிகளும். வேறு வேறு தாமானுக்குப் போய்விட்ட பழைய லயத்துக்காரர்கள் புலனத்தில் செய்தி பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஈஜோக் பாக்சிக் மனைவியோடு வந்திருந்தார்.

திரையில் லயம் வந்ததும், "அது நம்ம வீடு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு பால்மரம் வந்தது. கத்தி பிடித்த கை பெரிதாகத் தெரிந்தது. பாட்டியம்மா தன் பேரனின் தோளைத் தட்டி, தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "அது என் கைடா."

பையன் திரையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "நீ மரம் வெட்டுவியா ஆயா?" என்றான். ஒரே வீட்டில் வளர்ந்த பேரன், அவனுக்கு அது தெரியாது. படம் முடிந்தபிறகும் அவன் கேள்விகள் முடியவில்லை. எத்தனை மணிக்கு எழுந்திரிப்பே, பாம்பு இருக்குமா, எவ்ளோ வெள்ளி கொடுப்பாங்க. மக்கள் கேட்டதால் படத்தை மூன்று முறை போட்டோம்.

என் 6,000 ரிங்கிட் இன்னும் திரும்பி வரவில்லை. வராது. அன்று திடலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் வீட்டுக்குப் போகும் வழியில், "அடுத்தது எப்போ?" என்று கேட்டார். இப்போது நண்பர் முழுநேரம் ஒரு வேலைக்குப் போகிறார். சனி, ஞாயிறுகளில் எழுதுகிறார். அவர் அம்மாவுக்கும் நிம்மதி.

படம் எடுக்க ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு என்னிடம் இருக்கும் யோசனை ஒன்றுதான். கேமரா வாடகைக்குக் கிடைக்கும், பணம் கடனாகக் கிடைக்கும். பால் வெட்டத் தெரிந்த கை அப்படிக் கிடைக்காது. இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது உங்கள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் பதிவை அழுத்திவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே சொல்வார்.