இளகிய மண்ணும் இழுவை வண்டியும்

வண்டியின் வலிமை எங்கே இருக்கின்றது என்று வினவினால், அதன் எஞ்சினில் இருக்கின்றது என்றே பெரும்பாலோர் விடை பகர்வர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய மேற்கு மாநிலங்களில் கோடைதோறும் நடைபெறும் இழுவைப் போட்டிகளைக் கண்டவர்கள் அவ்வளவு விரைவில் விடை கூறமாட்டார்கள். பேராற்றல் வாய்ந்த டீசல் வண்டி ஒன்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் பாதி வழியிலே புதைந்து நிற்க, அதனிலும் வலுக்குறைந்த வண்டியொன்று அமைதியாக எல்லைக்கோட்டை அடைவது அங்கே அடிக்கடி காணும் காட்சியாகும். இதற்குக் காரணம் யாது? எஞ்சின் பிறப்பிக்கும் வலுவை இழுவையாக மாற்றித் தருவது மண். அந்த மண் இறுகியதாக இன்றிப் பொலபொலவென்று இளகியதாக இருக்கும்போது, வண்டியை ஆயத்தஞ்செய்வது தனியொரு கலையாகிவிடுகின்றது.

இப்போட்டியின் வேர் உழவர் வாழ்விலே உள்ளது. தத்தம் குதிரைகளுள் எது கூடிய பாரத்தை இழுக்கும் என்று உழவர்கள் பந்தயமிட்ட வழக்கம், உழவு யந்திரங்கள் வந்தபின் அவற்றுக்கும் மாறியது. 1929ஆம் ஆண்டிலேயே மிசூரி மாநிலத்துப் பௌலிங் கிறீன் என்னும் ஊரிலும், ஒகாயோ மாநிலத்து வோகன்ஸ்வில் என்னும் ஊரிலும் உழவு யந்திர இழுவைப் போட்டிகள் நடைபெற்றன. 1969ஆம் ஆண்டிலே தேசிய உழவு யந்திர இழுவையாளர் சங்கம் தோன்றி, இடத்துக்கிடம் வேறுபட்டிருந்த விதிகளை ஒருமைப்படுத்த முற்பட்டது. காலப்போக்கில் பிக்கப் எனப்படும் சிறு பாரவண்டிகளும் களத்தில் இறங்கின. 1989ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த டொட்ஜ் வண்டிகளில் 5.9 லீற்றர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டமை, இவ்வகை வண்டிகளின் பெருக்கத்துக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று.

போட்டியின் முறை எளியது. வண்டியின் பின்புறக் கொளுக்கியில் ஒரு சறுக்கு வண்டி பிணைக்கப்படும். அதன் முற்பகுதி மண்ணில் உராயும் பெரிய இரும்புத் தட்டு. பிற்பகுதி சில்லுகளின்மேல் அமைந்தது. தொடக்கத்திலே பாரப்பெட்டி சில்லுகளின்மேல் நிற்பதால் இழுப்பது இலகுவாக இருக்கும். வண்டி முன்னேற முன்னேற, சங்கிலிகள் அப்பெட்டியைத் தட்டின் பக்கமாக நகர்த்துகின்றன. தட்டு மண்ணை அழுத்த, உராய்வு அடிக்கடி பெருகுகின்றது. ஈற்றில் எவ்வண்டியும் நின்றே தீரவேண்டும். பொதுவாக ஏறக்குறைய 300 அடி தூரம் இழுத்தால் முழு இழுவை எனப்படும்.

இனி மண்ணின் இயல்பை நோக்குவோம். மண் தன்மேல் உந்தும் விசைக்கு ஈடுகொடுப்பது இரு வழிகளால் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கூலோம் 1776இல் வெளிவந்த தம் ஆய்விலே விளக்கினார். மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிநிற்கும் பிணைப்பு ஒன்று. அவை ஒன்றன்மேலொன்று அழுந்துவதால் எழும் உராய்வு மற்றொன்று. ஈரமுள்ள இறுகிய களியிலே பிணைப்பு மிகுதி. சில்லின் பற்கள் அதனைக் கவ்விப் பிடித்துத் தள்ளலாம். உலர்ந்து இளகிய மண்ணிலோ பிணைப்பு மிகக் குறைவு, உராய்வையே நம்பவேண்டியுள்ளது. உராய்வு பாரத்தால் வருவது. ஆனால், இளகிய மண்ணில் பாரம் மிகுந்த சில்லு புதைகின்றது; புதைந்த சில்லு தன் முன்னே குவியும் மண்மேட்டை ஏறிக்கொண்டே இருக்க நேர்கின்றது. பாரம் வேண்டும், அது ஒரே இடத்தில் குவியவும் கூடாது என்னும் இந்த இக்கட்டுத்தான் சிக்கலின் உயிர்நாடி.

ஆகவே முதலில் ஆராய வேண்டியது பாரப் பங்கீடு. இழுவை வண்டியில் நான்கு சில்லுகளும் உந்துகின்றன. கொளுக்கி நிலத்துக்குமேலே இருப்பதால், இழுக்கும்போது வண்டியின் முற்பகுதி இலேசாகிப் பிற்பகுதி அழுந்துகின்றது. இதனை ஈடுசெய்யவே வண்டியின் முன்னே இரும்புப் பாரங்களைத் தொங்கவிடுகின்றனர். எவ்வளவு தொங்கவிடுவது? ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வண்டியின் மொத்த நிறை 8,000 இறாத்தல். கொளுக்கியின் உயரம் 26 அங்குலம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 140 அங்குலம். இறுகிய பாதையிலே இவ்வண்டி 6,000 இறாத்தல் விசையுடன் இழுப்பதாயின், விசையை உயரத்தாற் பெருக்கி இடைத்தூரத்தால் வகுக்க, ஏறக்குறைய 1,114 இறாத்தல் பாரம் முன்னிருந்து பின்னே மாறும். இளகிய பாதையிலே மண் 4,000 இறாத்தல் விசைக்கே இடங்கொடுக்குமாயின், மாறும் பாரம் ஏறக்குறைய 743 இறாத்தலே. அதாவது, இறுகிய பாதைக்கென முன்னே தொங்கவிட்ட பாரத்தை அப்படியே வைத்திருந்தால், இளகிய பாதையில் முன்சில்லுகளின்மேல் 371 இறாத்தல் மிகையாகவே நிற்கும். முன்சில்லுகள் அளவுக்குமேல் புதையும்; பின்சில்லுகள் பிடிப்பின்றிச் சுழலும். முன் அச்சுக்கு 40 அங்குலம் முன்னே தொங்கும் பாரங்களில் ஏறக்குறைய 290 இறாத்தலை எடுத்துப் பின் அச்சின்மேல் வைத்தால் அந்த மிகை தீர்ந்துவிடும். மொத்த நிறையில் ஓர் இறாத்தலும் கூடவில்லை, குறையவுமில்லை. இடம் மாறியதே மருந்தாகின்றது.

அடுத்தது ரயர். காற்றழுத்தத்தைக் குறைத்தால் ரயர் தட்டையாகி மண்ணில் பரந்து படியும். பாரம் பரவுவதால் புதைவு குறையும். ஆனால், அளவுமீறிக் குறைத்தால் ரயரின் பக்கச்சுவர் மடங்கும். வளையத்தைவிட்டு ரயர் நழுவவும் கூடும். ஆதலால் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் மண்ணிற் பதிந்த தடத்தைப் பார்ப்பதே அறிவுடைமை. தடத்தின் இரு ஓரமும் நடுவும் ஒரே சீராகப் பதிந்திருத்தல் நல்ல அடையாளம். முன்சில்லுகளும் பின்சில்லுகளும் ஒரே தடத்தில் ஓடுவதும் பெரும் நன்மை. முன்சில்லு இளகிய மண்ணை மிதித்து இறுக்கிவிட, அந்த இறுகிய தடத்தின்மேற் பின்சில்லு வரும். இரண்டும் விலகி ஓடினால், நான்கு சில்லுகளும் தனித்தனியே புதிய மண்ணோடு போராட நேரும்.

மூன்றாவது, பின் அச்சைத் தாங்கும் வில்லுத் தகடுகள். பெரும் இழுவையின்போது அச்சு தன்னைத் தானே முறுக்கிக்கொள்ள முயல்கின்றது. வில் அதற்கு இடங்கொடுத்துப் பின் மீளும்போது சில்லு துள்ளத் தொடங்கும். இறுகிய பாதையிலே துள்ளல் யந்திரத்தை உலுக்கும். இளகிய பாதையிலோ ஒவ்வொரு துள்ளலும் ஒரு குழி தோண்டும். இதனைத் தடுக்க, அச்சிலிருந்து வண்டியின் சட்டத்துக்கு உறுதியான இரும்புத் தண்டுகளைப் பொருத்துவர். வில் அமிழாதவாறு கட்டைகளும் வைப்பர். வில் அமிழாதிருந்தாற்றான் கொளுக்கியின் உயரமும் மாறாது நிற்கும்.

நான்காவது கியர். டீசல் எஞ்சினின் மிகுவலுவுக்குக் காரணமான டேர்போ, வெளியேறும் புகையின் வேகத்தாற் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுவது. எஞ்சின் சுழற்சி தளர்ந்தால் டேர்போவும் தளரும். டேர்போ தளர்ந்தால் எஞ்சின் மேலும் தளரும். ஆகவே தாங்கமுடியாத உயர்ந்த கியர் ஆகாது. எனினும், மிகத் தாழ்ந்த கியரும் இளகிய மண்ணுக்கு உதவாது. ரயர்ப் பற்களின் இடுக்கில் அடையும் மண்ணைச் சில்லின் வேகமே வீசியெறிய வேண்டும். மந்தமாகச் சுழலும் சில்லு மண் அடைந்து வழவழத்த உருளையாகிவிடும். எஞ்சினின் மூச்சு அடங்காமலும் சில்லின் பற்கள் அடையாமலும் செல்லும் நடுநிலைக் கியரைத் தெரிவதே சாரதியின் திறமை. புறப்படும்போது அந்த வேகத்தைச் சட்டென்று கொடுத்தலும் ஆகாது. சங்கிலி இறுகும்வரை மெல்ல நகர்ந்து, வண்டி அசைந்தபின் அக்சிலேற்றரைச் சீராக அழுத்தவேண்டும். நின்ற இடத்திலேயே சில்லைச் சுழற்றுபவன் தன் வண்டிக்குத் தானே குழி வெட்டுகிறான்.

இவ்வளவும் செய்தபின்னும் பாதுகாப்பு இல்லையாயின் பயனில்லை. பெற்றோல் எஞ்சினை மின்பொறியைத் துண்டித்து நிறுத்தலாம். டீசல் எஞ்சினில் மின்பொறி இல்லை. அழுத்தத்தால் எழும் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றுகின்றது. டேர்போவின் எண்ணெய்க் காப்பு உடைந்து, அந்த எண்ணெய் எஞ்சினுக்குள் நுழையுமாயின், எரிபொருட் குழாயை அடைத்தபின்னும் எஞ்சின் கட்டுக்கடங்காது ஓடும். ஆதலால், காற்று நுழையும் வாயிலைச் சட்டென்று மூடும் தகடு ஒன்று பொருத்தப்பட்டு, அதன் கம்பி சறுக்கு வண்டியுடன் இணைக்கப்படுகின்றது. கொளுக்கி அறுந்து வண்டி தனியே பாய்ந்தால், கம்பி இழுபட்டு எஞ்சினின் மூச்சு நின்றுவிடும். சுழல்தண்டுகளைச் சூழ இரும்பு வளையங்கள் பூட்டப்படுவதும் இதுபோன்ற முன்காப்பே. முறிந்த தண்டு சாரதியையோ பார்வையாளரையோ தாக்காதிருக்க வேண்டுமன்றோ?

பாதையும் ஒரே நிலையில் நிற்பதில்லை. வெயில் மேற்பரப்பை உலர்த்தும். ஒவ்வொரு வண்டியும் மண்ணைக் கிளறிச் செல்லும். பணியாளர்கள் இடையிடையே உருளையிட்டு இறுக்குவர். தேர்ந்த சாரதி தன் முறைக்கு முன்னர் பாதையோரம் நடந்து, குதிகாலால் மண்ணை ஊன்றிப் பார்ப்பான். இளகிய மண் இரண்டு அங்குலந்தானா, அதன் கீழே இறுகிய தளம் உண்டா? உண்டாயின், ரயரின் பற்கள் அத்தளத்தை எட்டிப் பிடிக்கும். ஆழம்வரை இளகியிருப்பின், பாரத்தைப் பரப்பி, புதையாது மிதந்து செல்வதே வழி. முன்சென்ற வண்டிகள் எவ்விடத்தில் தளர்ந்தன என்பதையும் அவன் மனத்திற் குறித்துக்கொள்வான்.

இளகிய மண்ணில் வெற்றி பெறுவதற்குப் புதிய எஞ்சின் வேண்டியதில்லை. இருக்கும் பாரத்தை இடமறிந்து வைத்தலும், ரயரை மண்ணுக்கு இசைவித்தலும், துள்ளலை அடக்குதலும், தக்க கியரைத் தெரிதலும் போதும். இவை பெருஞ்செலவில்லாத மாற்றங்கள். ஆனால் பொறுமையும் கூர்ந்த நோக்கும் வேண்டுபவை. ஆயிரம் குதிரைவலுவும் ஒரு பிடி மண்ணின் இசைவைப் பெற்றே அடியெடுத்து வைக்கவேண்டும் என்பதை உணர்ந்த சாரதியே எல்லைக்கோட்டைக் காண்பான்.