எது ஆண்டின் பிழை, எது ஆளின் பிழை?

கடந்த ஆண்டு எப்படிப் போனது என்று தேனி மாவட்டத்தின் வருசநாட்டுப் பக்கத்தில் ஒரு குடும்பத்தைக் கேட்டால், எந்த ஆண்டைக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. டிசம்பர் 31-இல் முடியும் ஆண்டு பள்ளிக்கூடத்து நாட்காட்டியிலும் கைப்பேசியிலும் இருக்கிறது. பங்குனியோடு முடியும் ஆண்டு கோயிலிலும் பஞ்சாங்கத்திலும் இருக்கிறது. வருவாய்த் துறை நிலக் கணக்குக்குப் பின்பற்றும் பசலி ஆண்டு, அதாவது முகலாயர் காலத்தில் விளைச்சலை ஒட்டி வகுக்கப்பட்ட வரி ஆண்டு, ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடிகிறது. இவை எதிலும் அடங்காமல், மழை விழுந்ததிலிருந்து விளைந்தது விலையாகிக் கையில் காசு சேரும் வரை நீளும் ஓர் ஆண்டும் உண்டு. ஏற்ற இறக்கம் என்று இப்பகுதி மக்கள் பேசுவது பெரும்பாலும் இந்தக் கடைசி ஆண்டைப் பற்றித்தான்.

ஆண்டிபட்டி வட்டத்தில், கடமலை-மயிலை ஒன்றியம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பகுதியின் தென்கோடியில் அமைந்த வருசநாட்டு மலையில்தான் வைகை பிறக்கிறது. ஆனால் ஆறு பிறக்கும் ஊர் என்பதால் அங்கு ஆண்டெல்லாம் நீர் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மூல வைகை என்று சொல்லப்படும் இந்த மேல்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைபுரண்டு ஓடிவிட்டு, மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது. மலைக்கு மறுபக்கம் உள்ள கம்பம் பள்ளத்தாக்கின் நிலை வேறு. 1895-இல் கர்னல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், 14,707 ஏக்கர் இருபோக நஞ்சைக்கு வழக்கமாக ஜூன் முதல் நாளை ஒட்டித் திறந்துவிடப்படுவதால், அங்குள்ள விவசாயிக்கு நாற்று எப்போது விடுவது, நகையை எப்போது மீட்பது என்பதற்கு ஓரளவு நிலையான தேதி உண்டு. அந்தத் தண்ணீர் வருசநாட்டு மேட்டுக்கு ஏறுவதில்லை. எனவே ஒரே மாவட்டத்தில், பேருந்தில் சில மணி நேரத் தொலைவில் உள்ள இரண்டு ஊர்களில், கடந்த ஆண்டு நன்றாக இருந்தது என்ற ஒரே வாக்கியம் இரண்டு வெவ்வேறு பொருள்களைத் தருகிறது.

இதைப் புரிந்துகொள்ள இலவ மரத்தை நெருங்கிப் பார்ப்பது உதவும். வருசநாட்டு மானாவாரி நிலங்களில், அதாவது பாசனம் இல்லாமல் மழையை மட்டுமே நம்பிய நிலங்களில், கொட்டை முந்திரியோடும் எலுமிச்சையோடும் இலவும் முக்கியமான வருமானப் பயிராகும். மார்கழியை ஒட்டி இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும் மரம் பூத்து, காய் பிடித்து, பங்குனி தொடங்கி வைகாசி வரை முற்றுகிறது. முற்றிய காய் வெடிப்பதற்குள் ஏறியும் கம்பால் தட்டியும் இறக்கி, களத்தில் காயவைத்து, ஓட்டை உடைத்து, பஞ்சை வேறாகவும் விதையை வேறாகவும் பிரிக்க வேண்டும். இதில் உடைப்பதும் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் கூலி வேலையாக இருக்கிறது. மூக்கிலும் தலைமுடியிலும் பஞ்சு படியாமலிருக்கத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் அந்த வேலைக்கு ஊருக்கு வெளியே போதிய மதிப்பு இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பறித்து முடிக்கும் முன் கோடை மழை பிடித்துக்கொண்டால், வெடித்த காயில் நீர் இறங்கிப் பஞ்சு நிறம் மாறுகிறது. நிறம் மாறிய பஞ்சுக்கு மெத்தை, தலையணைத் தொழிலில் விலை இல்லை. ஆனால் அதே கோடை மழைதான் பக்கத்துப் புஞ்சையில் உழவு ஓட்ட உதவுகிறது, கிணற்றில் ஊற்றைக் கூட்டுகிறது, ஆட்டுக்குப் புல்லைத் தருகிறது. ஒரு வீட்டுக்கு இறக்கமாக வந்த மழை அடுத்த வீட்டுக்கு ஏற்றமாகவும், சில வேளைகளில் ஒரே வீட்டின் இரண்டு நிலங்களுக்கு இரண்டுமாகவும் அமைந்துவிடுகிறது. இலவு காத்த கிளி என்று ஏமாந்தவரைச் சொல்லும் பழமொழி தமிழ் முழுவதும் வழங்கினாலும், இலவைக் காத்துப் பிழைப்பவர்களின் ஊரில் அந்தக் காத்திருப்பு அறியாமையாக இல்லாமல் கணக்கறிந்த உழைப்பாக இருக்கிறது. அவர்களை ஏமாற்றுவது காயைக் காட்டிலும் வானமும் சந்தையும்தான்.

ஆண்டின் முழு வருமானமும் கடைசி இரண்டு, மூன்று மாதங்களில் வந்து சேரும் இந்த அமைப்பு, நினைவின் மீதும் ஒரு விளைவை உண்டாக்குகிறது. பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், 1993-இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட ஒரு சோதனையில், பங்கேற்பாளர்கள் ஒரு முறை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தனர். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறிய மேலும் 30 விநாடியும் வைத்திருந்தனர். மறுபடி எதைச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலோர், வலி அதிக நேரம் நீடித்த இரண்டாவதையே தேர்ந்தார்கள். ஓர் அனுபவத்தை மனம் எடைபோடும்போது அதன் கால அளவைப் பெரிதாகக் கொள்வதில்லை, அதன் உச்சக் கட்டத்தையும் முடிவையும் வைத்தே மதிப்பிடுகிறது என்பது இதிலிருந்து வந்த முடிவு. இலவு வைத்திருக்கும் வீட்டில் ஆண்டின் முடிவும் அதன் பண உச்சமும் ஒரே பருவத்தில் விழுவதால், வைகாசியில் விலை சரிந்தால், தையில் மகள் தேர்வில் தேறியதும் மாசியில் பசு கன்று ஈன்றதும் நினைவிலிருந்து நழுவி, முழு ஆண்டுமே பாழ் என்ற பேச்சு நிலைத்துவிடுகிறது. விலை ஏறினால், நடுவில் பட்ட பசியும் கடனும் அதேபோல மறைந்துவிடுகின்றன. இரண்டுமே ஆண்டுக்கு இழைக்கும் அநீதிதான்.

இதைவிடக் கனமான அநீதி, நடந்ததற்கு யார் காரணம் என்று முடிவுகட்டும் இடத்தில் நிகழ்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்த உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஹைடர் 1958-இல் வெளியிட்ட நூலில், மனிதர்கள் எந்த நிகழ்வுக்கும் காரணத்தை ஆளிடமோ சூழலிடமோ தேடுகிறார்கள் என்று காட்டினார்; காரணம் சாட்டல் என்று தமிழில் சொல்லத்தக்க இந்தப் போக்கு பின்னர் உளவியலில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. வருசநாட்டில் இதற்கு இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்று, நேரம் சரியில்லை என்பது. மற்றொன்று, புத்தி கெட்டுப்போய் அதில் இறங்கினேன் என்பது. முதலாவது எல்லாவற்றையும் கிரகத்தின் மேல் போடுகிறது, இரண்டாவது எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. மழை, விலை, அரசாணை, எல்லை மூடல் என்று பெயர் சொல்லிச் சுட்டத்தக்க காரணங்கள் இரண்டிலும் காணாமற்போகின்றன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்பில் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போய்வந்த தேனி மாவட்டத் தொழிலாளர்களின் கூலி ஒரே நாளில் நின்றது. அந்த ஆண்டு கட்ட முடியாமற்போன வட்டியைத் தன் திறமைக் குறைவாக எண்ணி ஒருவர் இன்றும் தலைகுனிந்தால், அந்தக் கணக்கு தவறு என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பஞ்சாங்கம் இந்தத் தவற்றைத் திருத்த ஒரு வாய்ப்பைக் கொடுத்தும், அது பயன்படுத்தப்படுவதில்லை. சித்திரை முதல் நாள் படிக்கப்படும் பஞ்சாங்கம் ஒவ்வொரு ராசிக்கும் ஆதாயம் இத்தனை, விரயம் இத்தனை என்று எண்களாகவே கொடுத்து, அவ்வாண்டின் மழையையும் முன்கூட்டிச் சொல்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஊரே உட்கார்ந்து கேட்கும் அந்த எண்களை, பங்குனி முடிவில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சடங்கு எதுவும் வழக்கில் இல்லை. அரசு தன் பங்குக்கு அதைச் செய்கிறது: பசலி முடியும் தறுவாயில் ஒவ்வொரு வட்டத்திலும் நடக்கும் வருவாய்த் தீர்வாயம், அதாவது மக்கள் ஜமாபந்தி என்று சொல்லும் ஆண்டுத் தணிக்கை, கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கிறது. அவற்றுள் ஒன்றான அடங்கலில், எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பதுதான் எழுதப்படுகிறது. பயிர் பொய்த்ததை விவசாயியின் விதி என்றோ குற்றம் என்றோ அந்தப் பதிவேடு எழுதுவதில்லை. வீட்டுக் கணக்கும் அந்த நிதானத்தைக் கற்றுக்கொள்வது நல்லது.

வீட்டுக்குள் எழுதி வைக்கப்படும் கணக்கும் ஒன்று இருக்கிறது. திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா ஆகியவற்றில் உறவினர் தரும் பணத்தையும் பொருளையும் மதுரை, தேனி வட்டாரத்தில் செய்முறை என்பர்; அதைப் பதியும் மொய் நோட்டில் தாய்மாமன் பெயர் முதலில் எழுதப்பட்டு, பிறகு ஊர், பெயர், தொகை என்று வரிசை போகிறது. இது திருப்பிச் செய்ய வேண்டிய கடனின் பட்டியல் என்பதால் பல ஆண்டுகள் பத்திரமாக வைக்கப்படுகிறது. பழைய நோட்டைப் புரட்டுகிறவருக்கு எவர் எந்த ஆண்டில் கை தாராளமாக நீட்டினார், எவர் எந்த ஆண்டில் வர இயலாமல் போனார் என்பது தெரியும். ஒரு குடும்பத்தின் ஏற்ற இறக்கம் அதன் சுற்றத்தாரின் நோட்டுகளில் தேதியோடு சிதறிக் கிடக்கிறது என்றே சொல்லலாம். அதன் குறையும் வெளிப்படை: நோய்க்காலத்தில் மருத்துவமனையில் துணைக்கு இருந்தவரின் பெயருக்கு அதில் இடம் இல்லை.

துக்கத்துக்கு இன்னொரு நாட்காட்டி. இறப்பு நடந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை கொண்டாடுவதில்லை; ஊருக்குப் பொங்கல் வந்தாலும் அந்த வீட்டின் ஆண்டு, தலைத் திவசம் கழிந்தால்தான் முடிகிறது. துயரத்துக்கு இவ்வளவு காலம் தேவை என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஊரறிந்த எல்லையும் வகுத்த இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மாசி மகா சிவராத்திரியில் வெளியூர் பங்காளிகள் குலதெய்வக் கோயிலில் கூடும்போது முதலில் விசாரிக்கப்படுவதும், கடந்த சிவராத்திரிக்குப் பின் யார் இல்லாமற்போனார், யார் வீட்டில் புதிதாகப் பிறந்தது என்பதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் மனத்தை வருத்திய நிகழ்வைத் தொடர்ந்து நான்கு நாட்கள் 15 நிமிடம் எழுதினார்கள்; நடந்ததோடு அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. அதன் பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்று பிந்தைய ஆய்வுகள் கூறினாலும், நடந்ததைக் கோர்வையாகச் சொல்லிப் பார்ப்பது சுமையை மாற்றுகிறது என்ற கருத்து நிற்கிறது. நாட்குறிப்புப் பழக்கம் குறைந்த ஊரில் ஒப்பாரி அந்த வேலையைச் செய்துவந்திருக்கிறது. இறந்தவரின் வாழ்வைப் பிறந்த வீடு, புகுந்த வீடு, பட்ட கடன், பெற்ற பிள்ளை என்று ஒரு பெண் குரலெடுத்து அடுக்கும்போது, அவள் தன் ஆண்டுகளையும் சேர்த்தே எண்ணுகிறாள்.

திரும்பிப் பார்ப்பது மன ஆறுதலோடு நின்றுவிடாமல் சட்டத் தேவையாகவும் ஆகிவிட்ட இடம் மலைமேல் இருக்கிறது. வருசநாட்டை ஒட்டிய மேகமலைக் காடு 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வைகையின் ஊற்றைக் காக்கும் இந்த அறிவிப்பு தேவையானது. காட்டுக்குள்ளும் ஓரத்திலும் பயிர் செய்து வாழும் குடும்பங்களின் அச்சமும் அதே அளவு உண்மையானது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பளியர் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் வாழ்ந்து அதைச் சார்ந்திருந்ததைக் காட்ட வேண்டும்; பழங்குடியல்லாத மற்ற காடுவாழ் குடும்பங்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்கிட்டால் அது 1930-க்குப் போகிறது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைகூட அப்போது இல்லை. கையில் பட்டாவோ ரசீதோ இல்லாத குடும்பம் அவ்வளவு தூரம் எப்படித் திரும்பிப் பார்க்கும் என்ற கேள்விக்கு, 2008-இல் வந்த விதிகள் வழி வைத்திருக்கின்றன: அரசு ஆவணங்களோடு, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற பழமையான அடையாளங்களும், நிலத்தைச் சமப்படுத்தி வரப்பு கட்டியதும், உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுத்தில் பதிந்த வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும், ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும்.

கோரிக்கையை முதலில் விசாரிப்பது கிராம சபை என்பதால், அங்கே வைக்கப்படும் நினைவின் தரம் முக்கியமாகிறது. ரொம்ப நாளாக இருக்கிறோம் என்ற வாக்குமூலம் எளிதில் ஒதுக்கப்படும். இன்ன ஓடையின் மேட்டில் இன்னாரின் தகப்பனார் வெட்டிய கிணறு, ஆறு பெருகிய ஆண்டில் இடிந்து மறுபடி கட்டிய வரப்பு, அந்த ஆண்டில் இறந்தவரைப் புதைத்த இடம் என்று சொல்லப்பட்டால், ஒவ்வொன்றையும் நேரில் போய்ச் சரிபார்க்கலாம். தாது என்னும் தமிழ் ஆண்டில் வந்த பஞ்சத்தைத் தாது வருசப் பஞ்சம் என்று அந்த ஆண்டின் பெயராலேயே நினைவில் வைத்துக்கொண்ட சமூகத்துக்கு இந்த முறை புதிதல்ல. எண்பது வயதைக் கடந்தவர்கள் மலையடிவார ஊர்களில் இருக்கும்போதே அவர்கள் நினைவிலுள்ள கிணறு, வரப்பு, இடுகாடுகளை நடந்து காட்டச் சொல்லி எழுதி வாங்கும் வேலையை, ஒவ்வொரு ஊரின் வன உரிமைக் குழுவும் அடுத்த மழைக்கு முன் முடித்துவிட முடியும்.