ஆண்டிபட்டியில் வீடு காலி... யாருக்கு?

ஆண்டிபட்டியில் வாடகை வீடு விசாரித்தால் வீட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்வது, “ஸ்டேஷன் பக்கந்தேன்.” பெருமைக்குக் காரணம் உண்டு. 2010 கடைசியோடு நின்றுபோன ரயில், அகலப்பாதையில் 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் திரும்பி வந்தது. ஆனால், பாசஞ்சர் காலையில் மதுரையிலிருந்து வருகிறது, மாலையில் மதுரைக்குத் திரும்புகிறது. மதுரையில் குடியிருந்து தேனிப் பக்கம் வேலை பார்ப்பவருக்குத் தோதான வண்டி. ஆண்டிபட்டியில் குடியிருந்து மதுரைக்கு வேலைக்குப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சென்னை எக்ஸ்பிரஸ் தொடங்கப்பட்டதே வாரம் மூன்று நாள்தான்.

அதனால் தண்டவாளத்தை விடுங்கள், பஸ் ஸ்டாப்பைப் பாருங்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் செவிலியருக்கும் தேனியில் கடை வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் டவுன் பஸ்தான் கதி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு அமைந்தால் மாதாமாதம் கையில் காசு மிஞ்சும். ராத்திரி இறங்கி நடக்கும் தெருவில் விளக்கு எரிகிறதா, நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, வாடகைக்கா ஒத்திக்கா... இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை.

நம்மைக் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. அதுதான் கவலை.

வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர். மாடி போர்ஷன் பிடித்துவிட்டது, அட்வான்ஸும் பேசியாகிவிட்டது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கார அம்மா விசாரிக்கிறார்: “சாருக்குச் சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு? இங்க சொந்தக்காரக யாரும் இருக்காகளா?” சுற்றி வளைத்துக் கடைசியில், “தப்பா நினைக்காதீக, நீங்க என்ன ஆளுக?” பதில் வந்ததும் சாவி இடுப்புக்குப் போய்விடுகிறது. “அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்.” மறுநாள் போன் செய்தால், “வேற ஆளு வந்துட்டாக சார்.” வீடு மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கிறது.

சட்டம் இருக்கிறது. 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பதைக் குற்றம் என்கிறது, சிறைத் தண்டனையும் உண்டு. ஆனால், “வேற ஆளு வந்துட்டாக” என்ற பேச்சை எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எப்படி நிரூபிப்பது? 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது, முன்பணத்துக்குப் பொதுவாக மூன்று மாத வாடகை என்று வரம்பு வைக்கிறது. எல்லாம் ஒப்பந்தம் போட்டவருக்கு. வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

“என் வீடு, யாருக்கு விடுவது என்பது என் இஷ்டம்” என்பார்கள் வீட்டுக்காரர்கள். குடிவைத்தவர் காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது என்ற அவர்களின் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு வேலை பார்க்கும் இடத்தை விசாரிக்கலாம், சம்பளச் சீட்டைக் கேட்கலாம். சாதியைக் கேட்டு என்ன தெரிந்துவிடப் போகிறது?

இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கடைசியில் பஸ் ஸ்டாப்புக்கு வெகுதூரத்தில், தங்கள் ஆட்கள் இருக்கும் தெருவிலேயே போய்ச் சேருகிறார்கள். அந்தக் கூடுதல் தூரத்தைத் தினமும் இரண்டு தடவை நடக்கிறார்கள், அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே ஊரில், ஒரே சம்பளத்தில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் இந்தச் செலவு.

வீட்டு வசதி வாரியம் இங்கே வாடகைக் குடியிருப்பு கட்ட வேண்டும். ஊருக்கு வெளியே கரட்டோரம் ஒதுக்குப்புறமாக அல்ல, பஸ் ஸ்டாப்பை ஒட்டி. விண்ணப்பித்த வரிசைப்படி வீடு, படிவத்தில் பெயரும் வேலையும் மட்டும்.