மூடி மறைத்தால் முற்றும் நோய்: புலம்பெயர்ந்த இளையோரும் மனநல உரிமைகளும்

யாரும் இல்லாத அறையில் குரல் கேட்பது, அக்கம்பக்கத்தார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று உறுதியாக நம்புவது, கைபேசியை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அஞ்சுவது. எது நிஜம், எது மனம் கட்டியது என்று பிரித்தறிய முடியாமல் போகும் இந்த நிலையை மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள். ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு இதன் கடுமையான வகைகளுள் ஒன்று. பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும் இந்த நோய், நாடு விட்டு நாடு சென்ற குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுவது புதிய செய்தி அல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களிடம் மனச்சிதைவு தாய்நாட்டில் இருப்பவர்களைவிட அதிகம் என்று ஓடகார்ட் என்ற நார்வே மருத்துவர் 1932இலேயே எழுதினார். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான ஆய்வு, குடியேறிய தலைமுறைக்கு இந்த அபாயம் 2.7 மடங்கு என்றும், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு 4.5 மடங்கு என்றும் கணக்கிட்டது. ஸ்வீடனில் 1984க்குப் பின் பிறந்த சுமார் 13 லட்சம் பேரை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், அகதிகளாக வந்தவர்களின் அபாயம் மற்ற குடியேறிகளைவிட 66 சதவீதம் கூடுதலாக இருந்தது. கனடாவின் ஒன்றாரியோ மாகாண ஆய்வும் தெற்காசிய அகதிகளிடம் இந்த நோய் பொதுமக்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்றது. 1983க்குப் பின் இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் தஞ்சம் புகுந்த மாகாணம் அது. ஆகவே இது நம் வீட்டுக் கதவுக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல.

காரணம் என்ன என்பதில்தான் தீர்வும் இருக்கிறது. நோய்க்கு ஆளாகும் இயல்புடையவர்களே ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள் என்பது ஓடகார்ட் தந்த விளக்கம். அது நிலைக்கவில்லை. கிளம்பும் முடிவை எடுக்காத, புதிய நாட்டிலேயே பிறந்த பிள்ளைகளிடமும் அபாயம் குறையவில்லையே! லண்டனில் வாழும் கரீபிய வம்சாவளியினரிடம் மிக அதிகமாகக் காணப்படும் இந்த நோய், ஜமைக்காவிலும் பார்படோஸிலும் அப்படி இல்லை. எனவே பரம்பரைக் கூறு மட்டும் இந்த வேறுபாட்டை விளக்காது. நெதர்லாந்தின் ஹேக் நகர ஆய்வு இன்னொரு தடயத்தைத் தந்தது. தம் இனத்தார் நிறைந்த பகுதிகளில் வாழ்ந்த குடியேறிகளைவிட, அவர்கள் அரிதாக உள்ள பகுதிகளில் வாழ்ந்தவர்களிடமே நோய் அதிகம். பெயரையும் நிறத்தையும் வைத்து ஒதுக்கப்படுவது, எங்கும் வேற்றாளாக நிற்பது, போர் விட்டுச் சென்ற காயம், குடியுரிமை கிடைக்குமா என்ற ஓயாத பதற்றம் ஆகியவை சேர்ந்து அழுத்தும்போது, பலவீனமான இடத்தில் மனம் உடைகிறது. தனித்துப் போவதும் ஒதுக்கப்படுவதும்தான் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதே இந்தச் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கையில் கிடைக்கும் முடிவு.

மேற்கத்திய மருத்துவர்கள் நம் பண்பாடு புரியாமல் நோய்ப் பெயர் சூட்டுகிறார்கள் என்பது ஒரு மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. லண்டனில் பிரிட்டிஷ் மருத்துவர்களின் முடிவுகளை ஜமைக்காவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஒருவர் சரிபார்த்தபோது, எந்த நோயாளிக்கு எந்த நோய் என்பதில் பல கருத்து வேறுபாடுகள் எழுந்தன. ஆனால் மனச்சிதைவு உள்ளவர்களின் மொத்த விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. தனி ஒருவர் விஷயத்தில் தவறு நேரலாம், ஒட்டுமொத்தப் போக்கு பொய்யல்ல. இப்படியெல்லாம் எழுதுவது குடியேறிகள் மீது முத்திரை குத்தாதா என்பது அடுத்த மறுப்பு. ஸ்வீடன் ஆய்வில் அகதிகளிடையே ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 126 பேருக்குத்தான் நோய் புதிதாகத் தோன்றியது. மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். மடங்குக் கணக்கைக் கண்டு மிரளவும் வேண்டாம், அந்தச் சிலரில் ஒருவர் நம் பிள்ளையாக இருக்க முடியாது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

மிரட்சியைவிட மறைப்பே நம்மிடம் அதிகம். நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று மதிப்பெண்ணில் சரிகிறான். இரவு முழுக்க விழித்து, பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுக்கிறான். குளிப்பதில்லை, வீட்டார் சமைத்ததைச் சந்தேகத்தோடு பார்க்கிறான். இரண்டு வேலை பார்த்துக் களைத்து வரும் பெற்றோர் அதைப் பரீட்சைப் பயம் என்கிறார்கள்; பிறகு நாவூறு கழிக்கிறார்கள், சாதகம் பார்க்கிறார்கள், கலியாணம் செய்தால் சரியாகும் என்கிறார்கள், கடைசியில் ஊருக்கு அனுப்புகிறார்கள். விருந்தினர் வந்தால் பிள்ளை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். நோயை வளர்த்த தனிமையை இப்போது குடும்பமே தன் கையால் கூட்டுகிறது. வழிபாடு ஆறுதல் தரும், அதை நிறுத்தச் சொல்லவில்லை. சிகிச்சைக்குப் பதிலாக அது நிற்கக் கூடாது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, மீள்வதும் கடினமாகிறது. தற்கொலை அபாயமும் இந்த நோயில் அதிகம்.

உரிமைகளைத் தெரிந்துகொண்டால் தயக்கம் குறையும். இங்கிலாந்தில் முதன்முறை சைக்கோசிஸ் வந்தவர்களுக்கென்றே தேசிய சுகாதாரச் சேவையில் தனிக் குழுக்கள் உண்டு. பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது 2016 முதல் உள்ள இலக்கு. அங்கே குடும்ப மருத்துவரிடம் பதிய விசா அத்தாட்சி கட்டாயம் இல்லை. மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். பன்னிரண்டு வயதுத் தங்கையை வைத்து அண்ணனின் நோயை விளக்கும் கொடுமை தேவையே இல்லை. ஒன்றாரியோவிலும் இத்தகைய ஆரம்பகாலச் சிகிச்சைத் திட்டங்கள் உள்ளன. நோய் வெளியே தெரிந்தால் நாடுகடத்துவார்கள் என்ற பயம் பரவலாக இருக்கிறது. கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டவரை மருத்துவச் செலவைக் காரணம் காட்டி மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களுக்கும் மத்திய அரசின் தற்காலிக மருத்துவக் காப்பு உண்டு.

கட்டாயமாக மருத்துவமனையில் வைக்கப்பட்டாலும் உரிமைகள் போய்விடுவதில்லை. இங்கிலாந்தின் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் 28 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். முதல் 14 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம், இலவச வழக்கறிஞரும் கிடைப்பார். ஒன்றாரியோவில் முதற்கட்டப் பரிசோதனைக்கு உச்ச வரம்பு 72 மணி நேரம். அதற்கு மேல் விருப்பமின்றி வைத்திருந்தால் உரிமை ஆலோசகரைச் சந்திக்கலாம், மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். மருந்தால் உடல் பருமனோ மந்தமோ ஏற்பட்டால் மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து கேட்கவும் உரிமை உண்டு; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் கனடாவில் 911, இங்கிலாந்தில் 999; தற்கொலை எண்ணம் எழுந்தால் பேச கனடாவில் 988, மனநல நெருக்கடிக்கு இங்கிலாந்தில் 111. பிள்ளையின் போக்கில் மாற்றம் கண்டால் ஊர் என்ன சொல்லும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சங்கங்களும் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் இதை மேடையில் பேசட்டும். நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்குப் போய்வருவதை உறவினர் நிறுத்தாதிருக்கட்டும்.