மோதல் இல்லாக் காற்பந்து

அமெரிக்கக் காற்பந்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர். ஓடுபவரை எதிரணியினர் மோதிக் கீழே வீழ்த்துவர். இதனால் தலையிலும் மூட்டுகளிலும் காயம் ஏற்படுவதுண்டு. மோதலின்றி விளையாட வழிசெய்வது கொடிக் காற்பந்து. அமெரிக்கச் சிறுவர் சிறுமியர் பலர் இதனை விளையாடுகின்றனர். 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் இது இடம்பெறவுள்ளது.

பொதுவாக அணிக்கு ஐவர் களமிறங்குவர். ஒவ்வொருவரின் இடைவாரிலும் இருபுறமும் கொடிகள் தொங்கும். பந்துடன் ஓடுபவரின் கொடியை எதிரணியினர் உருவிவிட்டால், ஆட்டம் அவ்விடத்திலேயே நிறுத்தப்படும். நான்கு முயற்சிகளுக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். கடந்தால், மேலும் நான்கு முயற்சிகள் கிட்டும். எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள் கிடைக்கும்.

எதிராளியைத் தள்ளுவதும் சட்டையைப் பிடித்து இழுப்பதும் குற்றம். ஓடுபவர் தம் கொடியைக் கையால் மறைப்பதும் குற்றமே. ஏன்? கொடி கைக்கு எட்டினால்தான் தடுப்பவர் மோதாமல் தடுக்க முடியும். கொடியை மறைத்தால், அதனைப் பறிக்க நீளும் கை உடலில் படும். இருவரும் மோதிக்கொள்ள நேரிடும். தலைக்கவசமோ தோள்கவசமோ அணியாத ஆட்டத்தில் இது பேராபத்து.

ஆகவே, இவ்விளையாட்டில் நேர்மையும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நடுவர் காணாத வேளையிலும் விதியை மதிப்பவர், எதிராளியின் நலத்தையும் காக்கிறார். உருவிய கொடியைத் தூக்கி எறியாமல், உரியவரின் கையிலேயே திருப்பிக் கொடுப்பது நல்ல விளையாட்டாளரின் பண்பு. கொடியை இழந்தவரும் முகம் சுளிக்காமல் அதனைப் பெற்று, அடுத்த முயற்சிக்கு ஆயத்தமாக வேண்டும்.