எந்தத் தெரு?

1986-இல் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது சிவகிரியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். கட்டியிருந்த பட்டு பக்கத்து வீட்டு மதினியுடையது. நாலு பிரதி போட்டு, ஜாதகக் குறிப்போடு உறையில் வைத்து அப்பா தரகரிடம் கொடுத்தார். இரண்டு திரும்பி வந்தன. ஒன்று போன வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டேன். நாலாவது எந்த ஊரில், யார் கையில் தங்கியது என்று அம்மா வெகுநாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

என் அண்ணன் மகளுக்கு இப்போது 27 வயது, சென்னையில் வேலை. டேட்டிங் செயலியில் ஆறு படம் வைத்திருக்கிறாள். ஒன்றில்கூட முகம் முழுதாகத் தெரியாது. ஒன்றில் பின்னலும் தோளும், இன்னொன்றில் குடைக்குக் கீழே பாதி முகம். பெயருக்கு ஒரே எழுத்து. அவளே எடுத்தவை, அவளே தேர்ந்தவை. வேண்டாமென்றால் அவளே நீக்கிவிடலாம். ஆனால் எதிரில் இருப்பவன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் அதுவும் என் நாலாவது பிரதிதான்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு நடந்தபோது அவருடைய கால்விரல்களைத்தான் பார்த்தேன். எனக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது குறையாகவும் யாருக்கும் படவில்லை. 2011-12-இல் நாடு முழுக்க நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில்கூட, கணவரைத் தானே தேர்ந்தேன் என்று சொன்ன பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். என் தோழி ஒருத்தியை ஏழு முறை வந்து பார்த்தார்கள். ஏழு முறையும் கேசரி கிண்டினார்கள். நிறம் குறைவு, செவ்வாய் தோஷம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வந்தது. அவள் மறுக்க ஓர் இடமும் இருக்கவில்லை.

இன்று பெண் காரணம் சொல்லாமல் மறுக்கலாம். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. 2014-இல் அமெரிக்காவில் தொடங்கி 2018-இல் இந்தியாவுக்கு வந்த பம்பிள் செயலி, ஆணும் பெண்ணும் பொருந்தினால் பெண்தான் முதலில் பேச வேண்டும் என்றே விதி வைத்தது. 2024-இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். பெண் முன்கூட்டியே ஒரு கேள்வியை எழுதிவைத்துவிட்டால் ஆண் பதில் சொல்லி ஆரம்பிக்கலாம். என்றாலும் கேள்வி அவளுடையது.

திருமண இணையதளங்கள் தரகரின் உறையை அப்படியே கணினிக்குள் கொண்டுவந்தவை. சாதி, உட்பிரிவு, நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. டேட்டிங் செயலியில் சாதிக்குக் கட்டம் இல்லை என்று மருமகள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருநாள் போனில் சொன்னாள்: “அத்தே, நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. நம்மூரு ராயகிரின்னு சொன்னதும், எந்தத் தெருன்னு கேக்காரு.”

“நீ என்னட்டி சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. அன்மேட்ச் பண்ணிட்டேன்.”

எங்கள் பக்கம் தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்டதாக அர்த்தம். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் சாதி கடந்து பழகிய பெண்ணின் சகோதரர் கைதானார். அந்தச் செய்தியை வாசித்தவளுக்கு ‘எந்தத் தெரு’ சும்மா பேச்சாகக் காதில் விழாது. ஊருக்கு வரும்போது பஸ் ராஜபாளையத்தைத் தாண்டுமுன் செயலியை அணைத்துவிடுகிறாள். சித்தப்பா பையன்களில் ஒருவன் கண்ணில் அவள் படம் பட்டாலும் போதும். அவன் ஏன் அந்தச் செயலியில் இருந்தான் என்று வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை.

அன்று இருந்து இன்று போனது விசாரிப்பு. பையன் குடிப்பானா, கடன் உண்டா, ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று அப்பா மூன்று ஊரில் டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்து கேட்டார். விசாரித்தவர்களும் சில சமயம் ஏமாந்தார்கள். ஆனாலும் அந்தப் பாரத்தைப் பத்துப் பேர் சுமந்தார்கள். இப்போது அவ்வளவும் அவள் ஒருத்தி தலையில். படம் வேறு யாருடையதோ என்று தேடிப் பார்க்கிறாள், வீடியோவில் பேசிப் பார்க்கிறாள், கூட்டமுள்ள இடத்தில் மட்டும் சந்திக்கிறாள்.

தப்பாகிவிட்டால் பழியும் அவளுக்கே. முகநூலில் நட்பாகப் பேசிப் பெண்களை வரவழைத்துச் சீரழித்த பொள்ளாச்சி வழக்கு 2019-இல் வெளியே வந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது. எங்கள் தெருவில் அந்த வாரம் பெண்பிள்ளைகளிடமிருந்து போனைப் பிடுங்கினார்கள். பையன்களின் போனை யாரும் தொடவில்லை. 2025 மே மாதம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. பிடுங்கிய போன்களைப் பற்றி அப்போதும் யாரும் பேசவில்லை.

போன சனிக்கிழமை மருமகள் ஒருவரைப் பார்க்கப் போனாள். புறப்படும்போதே தன் லைவ் லொக்கேஷனை எனக்கு அனுப்பியிருந்தாள். தார்சாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படம் போட்ட சின்ன வட்டம் வேளச்சேரியில் ஒரு கடையில் ஒன்றரை மணி நேரம் நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து விடுதிக்குத் திரும்பியது. “எப்படிட்டி?” என்று கேட்டேன்.

“சும்மா, பரவால்ல அத்தே. யோசிக்கணும்” என்றாள்.