குடல் அழற்சிக்கு எம்ஆர்ஐ: எதைக் காட்டும், எதைக் காட்டாது?

மாதக்கணக்கில் வயிற்றுவலி, அடிக்கடி பேதி, மலத்தில் ரத்தம், காரணம் தெரியாமல் எடை குறைவது என்று அலைகிறவர்களிடம், ‘குடலுக்கு ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்று மருத்துவர்கள் சொல்வது இப்போது அதிகமாகியிருக்கிறது. மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் எடுக்கிற ஸ்கேன் வயிற்றுக்கு எதற்கு என்ற கேள்வி உடனே எழுகிறது. நோயாளிகளும் வீட்டாரும் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கங்கள்.

குடல் அழற்சி நோய் என்பது அல்சர்தானே?

இல்லை. நம் ஊரில் அல்சர் என்று சொல்வது பெரும்பாலும் இரைப்பைப் புண்ணை. குடல் அழற்சி நோயில், உடலின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. இதில் முக்கியமானவை இரண்டு. ‘அல்சரேட்டிவ் கொலைடிஸ்’ பெருங்குடலோடு நின்றுவிடும். ‘கிரோன் நோய்’ வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியைத்தான் அதிகம் பிடிக்கும். மன அழுத்தத்தில் வயிறு கலக்குகிற ஐபிஎஸ் தொந்தரவு வேறு. அதில் குடலில் புண்ணோ வீக்கமோ இருக்காது.

கொலோனோஸ்கோபி செய்தாயிற்று. பிறகு எதற்கு எம்ஆர்ஐ?

கொலோனோஸ்கோபி குழாய் பெருங்குடல் முழுவதையும், சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரையும் பார்க்கும். வாய் வழியாக விடும் எண்டோஸ்கோபி சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும். இடையில் பல மீட்டர் நீளச் சிறுகுடல் இரண்டுக்கும் எட்டாது. தவிர, குழாயில் தெரிவது குடலின் உள்தோல் மட்டுமே. கிரோன் நோயோ குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேயும் போகும், சீழ்க்கட்டி உண்டாக்கும், பக்கத்து உறுப்போடு புது வழி போட்டுக்கொள்ளும். இவற்றைக் காட்டுவதற்குத்தான் ‘எம்ஆர் என்டரோகிராஃபி’ என்ற குடல் எம்ஆர்ஐ. அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்று உறுதியானவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

சிடி ஸ்கேன் செலவு குறைவு, சீக்கிரமும் முடிகிறது. அதையே எடுக்கலாமே?

திடீரென்று கடும் வலி, குடல் அடைப்பு, குடலில் ஓட்டை என்ற சந்தேகம் என்றால் சிடிதான் சரி. ஆனால், கிரோன் நோய் பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கி ஆயுள் முழுக்கக் கூடவே வருவது. பல முறை ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும். சிடியில் ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே கதிர் உடலில் படும். எம்ஆர்ஐயில் காந்தமும் ரேடியோ அலையும்தான். அந்தக் கதிர்வீச்சு இல்லை.

எப்படி எடுப்பார்கள்?

நாலைந்து மணி நேரம் வெறும் வயிறு. பிறகு மானிட்டால் போன்ற மருந்து கலந்த, இனிப்பான திரவத்தை ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்வார்கள். நோயாளிகள் அதிகம் சலித்துக்கொள்வது இதற்குத்தான். ஆனால், பாதியில் நிறுத்தினால் படம் கெட்டுவிடும். காற்றுப் போன சைக்கிள் ட்யூப் போலச் சுருங்கிக் கிடக்கும் குடல், நல்ல குடலாக இருந்தாலும் தடித்தது போலவே தெரியும். திரவம் நிரம்பினால்தான் சுவரின் உண்மையான தடிமன் தெரியும். குடல் அசையாமல் இருக்க ஓர் ஊசியும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் கடோலினியம் ஊசியும் போடுவார்கள். அவ்வப்போது மூச்சை அடக்கச் சொல்வார்கள். மெஷினுக்குள் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். வெளியே வந்த பிறகு சில மணி நேரம் பேதி ஆவது சகஜம். அன்றைக்கே நீண்ட பஸ் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

‘குடல் சுவர் தடித்திருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. கிரோன் நோய் உறுதிதானே?

அவசரப்பட வேண்டாம். விரிந்த நிலையில் சிறுகுடல் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தடிப்பு என்று எழுதுவார்கள். அதற்குக் காரணங்கள் பல. நம் நாட்டில் முதலில் நினைவில் வைக்க வேண்டியது குடல் காசநோய். அதுவும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தைப் பிடிக்கிறது. வலி, காய்ச்சல், எடைக் குறைவு என்று அதே அறிகுறிகளைத் தருகிறது. விட்டுவிட்டுப் பல இடங்களில் தடிப்பு இருந்தால் கிரோன் பக்கமும், நடுவில் அழுகிய நிணநீர்க் கட்டிகள் இருந்தால் காசநோய் பக்கமும் சந்தேகம் சாயும். அவ்வளவுதான், படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸி, காசநோய்க் கிருமிக்கான சோதனை எல்லாம் சேர்ந்தே முடிவு. அப்படியும் பிடிபடாதபோது, காசநோய் மருந்தை முதலில் கொடுத்துப் பலனைக் கவனிப்பதும் உண்டு. காசநோயைக் கிரோன் என்று எண்ணி எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு போன்றவற்றைக் கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டமாகிவிடும். அதனால்தான் இந்தத் தாமதம். மருத்துவருக்குத் தெரியவில்லை என்று எண்ணி வேறு இடம் ஓட வேண்டாம்.

ஸ்கேன் நார்மல். நோய் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. உள்தோலில் மட்டும் இருக்கும் ஆரம்பநிலைச் சிறு புண்கள் எம்ஆர்ஐயில் தப்பிவிடக்கூடும். மலத்தில் ‘கால்புரோடெக்டின்’ அளவு தொடர்ந்து அதிகமாக இருந்தால், குடலில் எங்கோ அழற்சி இருக்கலாம் என்று மேற்கொண்டு தேடுவார்கள்.

திரும்பத் திரும்பப் பௌத்திரம் வருகிறது. இதற்கும் எம்ஆர்ஐயா?

ஆமாம், இடுப்புப் பகுதிக்கு. பௌத்திரத்தின் கிளைகள் எந்தத் தசை வழியாக ஓடுகின்றன என்று அது துல்லியமாகக் காட்டும். மூலம் என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு அடியில் கிரோன் நோய் இருக்கும்.

யாரெல்லாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக் குழாயில் கிளிப் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கிரியாட்டினின் பார்த்த பிறகே கடோலினியம். கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசியைத் தவிர்ப்பார்கள். நகைகளைக் கழற்றச் சொல்லும்போது, தங்கம் காந்தத்தில் ஒட்டாதே என்று வாதாட வேண்டாம். தாலிச் சங்கிலியில் கோத்து வைத்த ஊக்கு ஒட்டும். கூட வருகிறவர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தும். மும்பையில் 2018 ஜனவரியில், நோயாளிக்கு உதவியாக ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன உறவினரை மெஷின் இழுத்து, அவர் உயிரே போனது.

சிகிச்சை தொடங்கிய பிறகும் எடுக்க வேண்டுமா?

வலி குறைந்தாலும் உள்ளே அழற்சி தொடரலாம். மருந்து வேலை செய்கிறதா, குடல் சுருங்கிய இடத்தில் இருப்பது மருந்துக்கு வடியும் வீக்கமா, பலூன் வைத்து விரிக்கவோ அறுவை செய்யவோ வேண்டிய தழும்பா என்று கணிக்க மறு ஸ்கேன் உதவும். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதைக் குடல் நோய் நிபுணர்தான் சொல்ல வேண்டும். போகும்போது பழைய ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் போதாது. பழைய ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குடல் ஆறியிருக்கிறதா என்பது தெரியும்.